கோட்டுத் தூரமும் ரோட்டுத் தூரமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் நீங்கள் போட்ட விமான நிலைய தூரப் பட்டியலில் கொச்சி – மதுரை 190 கி.மீ. என்று இருந்தது. கணக்கு சரிதான், ஆனால் அது வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த கணக்கு. அந்தக் கோடு எங்கள் தேவிகுளத்தை ஒட்டித்தான் போகிறது. மூணாறு பக்கத்துத் தமிழர்கள் பெரும்பாலும் போவது நெடும்பாசேரியில் இருக்கும் கொச்சி ஏர்போர்ட், அதை விட்டால் மதுரை, நடுவில் இருந்தும் இரண்டுமே எங்களுக்குத் தூரம்.

போன வருடம் ஜூலையில் அப்பா தவறிவிட்டார். சென்னையில் இருக்கும் தம்பி போனில் தேடியபோது மதுரை ஏர்போர்ட்டிலிருந்து மூணாறு 116 கி.மீ. என்று வந்திருக்கிறது, இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று டிக்கெட் போட்டுவிட்டான். அது நேர்கோட்டுத் தூரம் என்று அங்கே எழுதவில்லை. போடி வரை கார் நன்றாகத்தான் வந்திருக்கிறது. போடியிலிருந்து மூணாறு நேர்கோட்டில் சுமார் 32 கி.மீ., ரோட்டில் இரண்டு மடங்கு, அதில் போடிமெட்டு ஏறவே 17 கொண்டை ஊசி வளைவு. அன்று மழையோடு மஞ்சும் இறங்கிவிட்டது, முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கை வைத்துத்தான் டிரைவர் ஓட்டினாராம். நான்கு மணிக்கு எடுப்பதாக இருந்தோம். இருட்டும் வரை குழிக்கு மேல் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நின்றோம். தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல்தான் அவன் மண் அள்ளிப் போட்டான்.

கொச்சியில் இறங்கியிருந்தால் ரோட்டில் 110 கி.மீ. வாக்கில்தான், அதுவும் நேரியமங்கலம் பக்கம் மண் சரியாமல் இருந்தால்.

பறக்கும் நேரத்திலும் இதே தப்புதான் நடக்கிறது. ஏ.டி.ஆர். என்கிற சின்ன புரொப்பெல்லர் விமானம் மணிக்கு 500 கி.மீ. போகும், அப்போ 190 கி.மீ.க்கு 23 நிமிடம் என்று வகுத்துவிடுகிறார்கள். ஓடுபாதை வரை உருண்டு போவது, மேலே ஏறுவது, இறங்க முறை வரும் வரை சுற்றுவது, இதெல்லாம் தூரம் குறைந்தால் குறைகிற நேரமா? அதற்கு முன்னால் கவுன்டர் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும், அதற்கு நாங்கள் விடியுமுன்னே மலை இறங்க வேண்டும்.

இந்த மலையில் கோடு போட்ட மாதிரி இறங்கியது அந்தக் காலத்துத் தேயிலைதான். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயில், அங்கிருந்து ரோப்வேயில் தமிழ்நாட்டுப் பக்க அடிவாரத்தில் இருக்கும் கொட்டகுடிக்கு. 1924-ல் வந்த பெருவெள்ளத்தில், மலையாள ஆண்டு 1099 என்பதால் எங்கள் பெரியவர்கள் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள், அந்த ரயில் பாதையே போய்விட்டது. இன்றைக்கும் டாப் ஸ்டேஷனில் நின்றால் குரங்கணிப் பக்கம் காலடியில் தெரிகிறது. அங்கே காரில் போக மூணாறு, பூப்பாறை, போடி என்று மலையையே சுற்ற வேண்டும்.

எங்கள் மாவட்டத்திலேயே வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரம் என்ற ஊரில் 2022 டிசம்பரில் விமானம் இறங்கியதே என்பார்கள். அது என்.சி.சி. பயிற்சிக்கான 650 மீட்டர் ஓடுபாதை, இறங்கியது இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், டிக்கெட் வாங்கிப் போகிற இடமில்லை.

அடுத்த முறை பட்டியல் போட்டால் ‘நேர்கோட்டுத் தூரம்’ என்று தலைப்பிலேயே போடுங்கள், பக்கத்தில் சாலைத் தூரமும் மழைக்காலத்தில் ஆகிற நேரமும் வேண்டும். மூணாறு ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் ஜனவரிக்கு எவ்வளவு, ஜூலைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்வார்.

– ஒரு வாசகர், தேவிகுளம், இடுக்கி மாவட்டம்