இரண்டாம் இடத்துக்கு ஒரு வழி விடுங்கள்: இங்கிலீஷ் ஃபுட்பால் லீகுக்கு ஒரு திறந்த மடல்

ஜூன் 2025

இங்கிலாந்துக் கால்பந்தில் பிரீமியர் லீகுக்குக் கீழே உள்ள மூன்று அடுக்குகளை நடத்தும் இங்கிலீஷ் ஃபுட்பால் லீக் வாரியத்துக்கும் அதன் 72 கிளப்புகளின் தலைவர்களுக்கும் வணக்கம்.

உங்களுக்கு அடுத்து, ஐந்தாம் அடுக்காக இருக்கும் நேஷனல் லீகின் 2024-25 சீசன் முடிந்துவிட்டது. ஜூன் 1 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஓல்டம் அத்லெடிக், சவுத்தெண்ட் யுனைடெட்டைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்று உங்கள் கடைசி அடுக்கான லீக் டூவுக்குத் திரும்பியிருக்கிறது. அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 52,115 பேர். ஐந்தாம் அடுக்கின் இறுதியாட்டத்துக்கு இதற்கு முன் இவ்வளவு கூட்டம் வந்ததே இல்லை. 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கியபோது அதில் ஆடிய கிளப் ஓல்டம். 2022-இல் அது உங்கள் லீகைவிட்டே கீழே போனது. பிரீமியர் லீகில் ஆடிய ஒரு கிளப்புக்கு அப்படி நேர்ந்தது அதுதான் முதல் முறை. மூன்று வருடம் காத்திருந்து மீண்டு வந்த அந்த ஊர்க்காரர்களின் மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் நான் உங்களிடம் பேச வந்தது யார்க் சிட்டியைப் பற்றி.

யார்க் 46 ஆட்டங்களில் 96 புள்ளிகள் எடுத்தது. அதைவிட அதிகம் எடுத்தது 102 புள்ளிகளோடு சாம்பியனான பார்னெட் மட்டும்தான். ஐந்தாவதாக வந்த ஓல்டம் எடுத்தது 73. மேலே போக மீதமிருந்த ஒரே இடத்துக்கான பிளே-ஆஃப் அரையிறுதியில் யார்க் தன் சொந்த மைதானத்தில் அதே ஓல்டமிடம் 0-3 என்று தோற்றது. ஆகஸ்டில் தொடங்கி, மழையிலும் பனியிலும் செவ்வாய் இரவுகளிலும் ஆடி ஆடிச் சேர்த்த 23 புள்ளி முன்னிலை ஒரே மாலையில் ஒன்றுமில்லாமல் போனது. ஓல்டம் எந்தத் தவறும் செய்யவில்லை. போட்டி விதி கொடுத்த வாய்ப்பை ஒழுங்காகப் பயன்படுத்திக்கொண்டார்கள். விதிதான் சரியில்லை.

இங்கிலாந்தில் இருந்துகொண்டு பிரீமியர் லீக் மட்டும் பார்க்கும் என் தமிழ் நண்பர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று தமிழிலேயே எழுதுகிறேன். அவர்களுக்காக அந்த விதியைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நேஷனல் லீகில் 24 அணிகள். முதலிடம் பிடித்தால் நேராக மேலே போகலாம். இன்னும் ஒரே ஓர் இடம் இருக்கிறது. இரண்டாம் இடத்திலிருந்து ஏழாம் இடம் வரை வந்த ஆறு அணிகள் அதற்காகப் பிளே-ஆஃப் ஆட வேண்டும். இரண்டாவதாக வந்த அணிக்குக் கிடைக்கும் சலுகை, நேராக அரையிறுதி, அதுவும் சொந்த மைதானத்தில், அவ்வளவுதான். இந்த வருடம் வெம்ப்ளி வரை போன சவுத்தெண்ட் ஏழாவதாக வந்த அணி.

இப்போது உங்கள் லீக் டூவைப் பாருங்கள். அங்கேயும் 24 அணிகள்தான். அதிலிருந்து நான்கு அணிகள் மேலே போகின்றன. முதல் மூன்று இடங்கள் பிளே-ஆஃப் ஆடாமலே. கீழே இறங்குவதோ இரண்டு மட்டும். தங்கள் அணிகளுக்கு மேலே போக நான்கு இடம் வேண்டும் என்று வைத்திருப்பவர்கள், கீழே இருப்பவர்களுக்கு இரண்டுக்கு மேல் தர மாட்டோம் என்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? மேலே போக இரண்டுக்குப் பதில் மூன்று இடம் கேட்கும் நேஷனல் லீக் தனக்குக் கீழே எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பாருங்கள். வடக்கு, தெற்குப் பிரிவுகளிலிருந்து ஒவ்வொரு வருடமும் நான்கு அணிகளை ஏற்று, தன்னிடமிருந்து நான்கை இறக்கிவிடுகிறது. தான் செய்யாத ஒன்றை அது உங்களிடம் கேட்கவில்லை.

யார்க்குக்கு நடந்தது எப்போதோ ஒரு முறை நடக்கும் விபத்து என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் 2022-23 சீசனை நினைத்துப் பாருங்கள். ரெக்ஸம் 111 புள்ளிகள், நாட்ஸ் கவுண்டி 107. ஐந்தாம் அடுக்கில் அதற்கு முந்தைய சாதனை 2010-11-இல் க்ராலி டவுன் எடுத்த 105. ஒரே வருடத்தில் இரண்டு அணிகள் அதைத் தாண்டின. இரண்டும் தோற்றது தலா மூன்றே ஆட்டங்களில். நாட்ஸ் கவுண்டி 117 கோல் அடித்தது, அதில் 42 மெக்காலே லாங்ஸ்டாஃப் ஒருவரே அடித்தவை. ஏப்ரல் 10 அன்று ரெக்ஸமில் இரண்டு அணிகளும் மோதியபோது ரெக்ஸம் 3-2 முன்னிலை. கடைசி நிமிடங்களில் நாட்ஸ் கவுண்டிக்கு ஒரு பெனால்டி. ஓய்விலிருந்து திரும்பி வந்திருந்த கோல்கீப்பர் பென் ஃபாஸ்டர் அதைத் தடுத்துவிட்டார். அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்லி முடிப்பதில்லை.

அப்புறம் என்ன ஆனது? மூன்றாம் இடத்துச் செஸ்டர்ஃபீல்டைவிட 23 புள்ளி அதிகம் எடுத்த நாட்ஸ் கவுண்டி பிளே-ஆஃபுக்குப் போக வேண்டியிருந்தது. அரையிறுதியில் போர்ஹம் வுட்டிடம் 0-2 என்று பின்தங்கி, ஆட்டம் முடியும் தறுவாயில் சமன் செய்து, கூடுதல் நேரத்தின் கடைசியில் ஜோடி ஜோன்ஸ் அடித்த கோலால் தப்பித்தார்கள். வெம்ப்ளியில் செஸ்டர்ஃபீல்டுடன் 2-2, பெனால்டியில் 4-3. மேலே வந்துவிட்டார்கள்தான். ஆனால் ஒரு பெனால்டி அந்தப் பக்கம் போயிருந்தால் 107 புள்ளி எடுத்த ஓர் அணி அதே இடத்தில் நின்றிருக்கும். 1888-இல் உங்கள் லீகைத் தொடங்கிய 12 கிளப்புகளில் நாட்ஸ் கவுண்டியும் ஒன்று என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

கீழே இருப்பவர்களுக்குக் கதவைத் திறப்பதில் உங்கள் லீக் எப்போதுமே தயங்கித்தான் வந்திருக்கிறது. 1987 வரை ஐந்தாம் அடுக்கின் சாம்பியன் மேலே வர விதியே கிடையாது. லீக் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். 1980-இல் ஆல்ட்ரின்ச்சம் 25 ஓட்டு, ரோச்டேல் 26. லீகில் கடைசி இடத்தில் இருந்த ரோச்டேல் தங்கியது, சாம்பியன் வெளியே நின்றது. மறு வருடமும் ஆல்ட்ரின்ச்சம் சாம்பியன் ஆனது, அப்போதும் இடமில்லை. இன்றுவரை அந்தக் கிளப் லீகில் ஆடியதே இல்லை. அந்த ஊரில் அந்த ஒரு ஓட்டைப் பற்றி இப்போதும் பேசுகிறார்கள்.

1987-இல் ஸ்கார்பரோ நேராக மேலே வந்தது, லிங்கன் சிட்டி இறங்கியது. உலகம் இடிந்துவிடவில்லை, லிங்கன் அடுத்த வருடமே திரும்பி வந்தது. அதன் பிறகும் மைதானத் தகுதியைக் காட்டி 1994-இல் கிடர்மின்ஸ்டர், 1995-இல் மேக்கிள்ஸ்ஃபீல்ட், 1996-இல் ஸ்டீவனேஜ் என்று தொடர்ந்து மூன்று சாம்பியன்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. இரண்டாவது இடம் திறந்தது 2003-இல்தான். அதில் முதலில் வந்தது டான்காஸ்டர் ரோவர்ஸ். அதற்குப் பிறகு 22 வருடங்கள் ஓடிவிட்டன.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. லீக் டூவின் அடியில் இருக்கும் கிளப்பின் தலைவருக்கு, மூன்றாவதாக ஓர் அணி இறங்கும் என்றால் அது தன் கிளப்பாகவே இருக்கலாம். கீழே போனால் ஒளிபரப்புப் பங்கு குறையும், வேலையாட்களைக் குறைக்க வேண்டும், இளைஞர் அகாடமியை நடத்துவது கஷ்டம். இவை உண்மையான கஷ்டங்கள். யாருடைய சம்பளமோ அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் ஒரு கிளப்பை அழிப்பது இறக்கம் அல்ல, கடன். பரி 2019-இல் உங்கள் லீகிலிருந்து நீக்கப்பட்டபோது அது இறங்கிய கிளப் இல்லை; அதற்குச் சில மாதங்கள் முன்புதான் லீக் டூவிலிருந்து மேலே ஏறியிருந்தது. மேக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன் 2020-இல் கலைக்கப்பட்டதற்கும் காரணம் அது இறங்குவதற்கு முன்பே குவிந்திருந்த கடன்தான்.

இறங்கியும் கணக்கைச் சரிசெய்துகொண்டவர்களோ மேலே வந்திருக்கிறார்கள். லூட்டன் 2009-இல் இறங்கியது, 2014-இல் திரும்பியது, 2023-இல் பிரீமியர் லீக் வரை போனது. ஸ்டாக்போர்ட் 2013-இல் ஆறாம் அடுக்குக்கே போய்விட்டது. 2022-இல் லீகுக்குத் திரும்பி 2024-இல் லீக் டூ சாம்பியன் ஆனது. பதினைந்து வருடம் கீழே கிடந்த ரெக்ஸம், தொடர்ந்து மூன்று சீசன்கள் ஏறி இப்போது இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் இருக்கிறது. கீழே போகிறவர்களுக்குத் திரும்பி வரும் வழி அகலமாக இருந்தால் இறங்குவதும் இவ்வளவு பயமாக இருக்காது. மூன்றாவது இடம் இப்போது இறங்கியிருக்கும் கார்லைலுக்கும் மோர்கம்புக்கும்கூட உதவும்.

பிரீமியர் லீகிலிருந்து வர வேண்டிய பணப் பங்கீடு முடிவாகட்டும், அதோடு சேர்த்து இதையும் பார்க்கலாம் என்று ஒரு வாதம் இருக்கிறது. அந்தப் பங்கீடு உங்களுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் பிரீமியர் லீகோடு உங்களுக்குள்ள வழக்கு முடியும்வரை, அதில் சம்பந்தமே இல்லாத ஐந்தாம் அடுக்கை ஏன் காக்க வைக்க வேண்டும்?

உங்கள் லீகுக்குள் வர இந்தக் கிளப்புகள் என்னவெல்லாம் செய்கின்றன என்பதையும் பாருங்கள். ஹாரோகேட்டும் சட்டனும் உங்கள் விதிக்காகத் தங்கள் செயற்கைப் புல்தரையைப் பெயர்த்தெடுத்து இயற்கைப் புல் போட்டன. வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் வீரர்கள் கீழே இன்னும் இருக்கிறார்கள். டிக்கெட் கொடுப்பதும், தேநீர் ஊற்றுவதும், காலையில் பனி படர்ந்த மைதானத்தை மூடிவைப்பதும் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். இன்னும் கீழே போனால், அரைநேரத்தில் ரசிகர்கள் தங்கள் அணி கோல் அடிக்கப்போகும் பக்கத்துக்கு நடந்து போய் நிற்பதைப் பார்க்கலாம். எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த காட்சிகளில் அது ஒன்று. இவர்கள் உங்களிடம் கேட்பது பணம் இல்லை.

இந்தப் பிப்ரவரியில், வடக்கு, தெற்குப் பிரிவுகளையும் சேர்த்து 72 நேஷனல் லீக் கிளப்புகளும் மூன்று இடம் வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பின்னால் நின்றன. நான் கேட்பதும் அதுவே: 2026-27 சீசனிலிருந்து மூன்று அணிகள் இறங்கட்டும், மூன்று அணிகள் ஏறட்டும். முதல் இரண்டு இடங்கள் நேராக. மூன்றாவது இடம் பிளே-ஆஃபில். வெம்ப்ளி இறுதியாட்டம் அப்படியே இருக்கும். ஆட்டங்களின் எண்ணிக்கை மாறாது, லீக் டூவில் அணிகளும் 24-தான்.

இதை உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் ஓட்டுக்கு விடுங்கள். எந்தக் கிளப் எப்படி ஓட்டுப் போட்டது என்பதையும் வெளியிடுங்கள். ஒவ்வொரு கிளப்பின் ரசிகர்களுக்கும் தங்கள் பெயரில் போடப்பட்ட ஓட்டு எது என்று தெரியட்டும்.

அன்புடன்,
நான்-லீக் (உங்கள் லீகுக்குக் கீழே உள்ள கால்பந்து) ரசிகன் ஒருவன்