டவர் கரையில் 62 முழக்கம்

லண்டன்
நவம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கீங்க? போன்ல பேசினா உங்களுக்குப் பாதி கேக்க மாட்டேங்குது. அதான் கடிதமா எழுதுறேன்.

இன்னைக்கு அங்கே நேரு மாமா பிறந்தநாள். இங்கே மன்னர் சார்லஸுக்கும் இதே நாள்தான். எனக்கு டூட்டி இல்லை. மதியம் ஒரு மணிக்கு தேம்ஸ் கரையில, லண்டன் டவர் கோட்டைகிட்ட பீரங்கி மரியாதைன்னு சொன்னாங்க. உங்களை நினைச்சுக்கிட்டே போனேன்.

நீங்க பட்டாளத்துல பழகின அதே நூத்தஞ்சு மில்லிமீட்டர் பீரங்கிதான்பா. மாடல் வேற, வாய் அளவு ஒண்ணு. ஆத்தைப் பார்த்து வரிசையா நிறுத்தியிருந்தாங்க. சுடுறது ஹானரபிள் ஆர்ட்டிலரி கம்பெனி. 1537-ல எட்டாம் ஹென்றி பட்டயம் கொடுத்த படையாம். இப்போ அதுல இருக்கிறவங்க பெரும்பாலும் வேற வேலை பார்த்துக்கிட்டே பட்டாளத்துக்கும் வர்றவங்க.

முதல் வெடி நெஞ்சுக்கூட்டுக்குள்ள இறங்குச்சு. மாரியம்மன் திருவிழா அதிர்வேட்டு மாதிரியேதான், அதே வெடிமருந்து வாசனை. குண்டு கிடையாது, வெறும் மருந்துதான். வெள்ளைப் புகை தண்ணி மேல தவழ்ந்து போகுது. நான் விரல் கணுவில வினாடியை எண்ணினேன். பத்துன்னு சொல்லி வாய் மூடல, அடுத்தது. ஒரு பீரங்கி சுடும்போது இன்னொண்ணுல மருந்து ஏத்துறாங்க. 62 முழக்கம், பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. ஒரு தடவைகூடப் பிசகல. 'டைமிங்தான் பீரங்கி சுடுற கன்னருக்கு மானம்'னு நீங்க சொல்லுவீங்களே, இன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

அரச மரியாதை 21. அரச கோட்டைங்கிறதால 20 கூட. லண்டன் சிட்டி சார்பா இன்னொரு 21. அரச பூங்காவான ஹைட் பார்க்ல சுட்டா 41 மட்டும்தான். துறைமுகத்துக்குள்ள வர்ற கப்பல், பீரங்கியைச் சுட்டுக் காலி பண்ணி 'சண்டைக்கு வரல'ன்னு காட்டினதுல ஆரம்பிச்ச வழக்கம்னு நீங்க சின்ன வயசுல சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. ஆனா மைசூருக்கு 21, திருவிதாங்கூருக்கு 19னு நம்ம ராஜாக்களை வெள்ளைக்காரங்க தரம் பிரிச்சதும் இதே கணக்கை வச்சுத்தானேப்பா. அதை நினைச்சப்போ மனசு கனத்துப்போச்சு.

2022 செப்டம்பர்ல ராணி எலிசபெத் இறந்த மறுநாள் 96 முழக்கம், வயசுக்கு ஒண்ணு. அப்போ நான் வார்டுல இருந்தேன். சத்தம் ஜன்னல் வழியா லேசாக் கேட்டுச்சு. ஒரு பாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டே இருந்தாங்க. நடுவுல நிறுத்தி, "இந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம்"னாங்க. மருந்து கொடுக்கிற நேரம் தாண்டிப்போச்சு. நான் கையை எடுக்கல.

இன்னைக்கு அங்கே சுட்டவங்க எல்லாரும் பெரிய காதுக் கவசம் போட்டிருந்தாங்க. அதைப் பார்த்ததும் உங்க இடது காதுதான் நினைவுக்கு வந்துச்சு. போன்ல நீங்க "என்னம்மா?"ன்னு ரெண்டாம் தடவை கேக்கிறப்போ எத்தனையோ நாள் சலிச்சுக்கிட்டேன். மன்னிச்சுக்கோங்கப்பா. அந்தக் காலத்துல உங்களுக்குக் காதுக்கு என்ன கொடுத்தாங்க? வெறும் பஞ்சா? ஒரு பீரங்கிக்கு எத்தனை பேர் நிப்பீங்க, நீங்க எந்தப் பக்கம்? எல்லாத்தையும் விவரமா எழுதுங்க.

அன்பு மகள்
செல்வி