ஒரே இரவில் இரண்டு தடவை 2.40: போக்குவரத்து அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் மதிப்புக்குரிய போக்குவரத்து அமைச்சர்களுக்கு,

வணக்கம். நான் ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்யும் தாதி. கோடைக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்கும், குளிர்காலத்துக்குத் திரும்பப் பின்னுக்குமாக வருடத்துக்கு இரண்டு தடவை மணிக்கூட்டை மாற்றும் இந்த வழக்கத்தை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இதன் பூர்வீகம் உங்களுக்குத் தெரியும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு விடியப்புறம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று 3 மணியானதும் மணிக்கூடு திரும்பவும் 2 மணிக்குப் போய்விடும். முதலில் வரும் மணியை 2ஏ என்றும், அடுத்து வருவதை 2பி என்றும் எழுதவேண்டும் என்பது ஜேர்மனியின் விதி. என் பொறுப்பில் இடுப்பெலும்பு முறிந்த ஒரு மூதாட்டி இருந்தார். வலிக்கு ஒரு குளிசை கொடுத்தால் அடுத்ததற்கு 6 மணித்தியாலம் பொறுக்கவேண்டும். முதல் 2.40க்குக் கொடுத்தேன். பக்கத்து அறையில் மணி அடிக்க, அவசரத்தில் ‘2.40’ என்று மட்டும் எழுதிவிட்டு ஓடினேன்.

புது நேரப்படி அடுத்த குளிசையை 7.40க்கே கொடுத்திருக்கலாம். காலையில் வந்த தாதிக்கு அது எந்த 2.40 என்று தெரியவில்லை. கூடக் கொடுத்துவிடக்கூடாது என்று பயந்து 8.40 வரை பொறுத்திருக்கிறார். அவரில் பிழையில்லை. நான் வீட்டில் நித்திரை, தொலைபேசி கேட்கவில்லை. அந்த ஒரு மணித்தியாலமும் அந்த அம்மா கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி கிடந்தாராம். ஏன் தரவில்லை என்று கேட்கக்கூட அவருக்கு நினைவு கூடிவராது. மறதி நோய்.

பிழை என்னுடையதுதான். ஆனால் ஒரே மணியை இரண்டு தடவை வரவைத்தது நானல்ல.

1916இல், யுத்தத்துக்கு நடுவில், நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜேர்மனி தொடங்கியது இது. இன்று யாருக்காக மிச்சம் பிடிக்கிறோம்? 2018இல் ஐரோப்பிய ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்டபோது 46 இலட்சம் பேர் பதில் எழுதினார்கள். அதில் 84 வீதமானோர் வேண்டாம் என்றார்கள். 2019 மார்ச்சில் ஐரோப்பியப் பாராளுமன்றமும் 410 வாக்குகளால் அதையே சொன்னது. 2021உடன் முடிந்திருக்க வேண்டிய விஷயம். உங்கள் மேசையில்தான் நிற்கிறது. கேட்பதற்கு மட்டும் மக்கள், முடிவெடுக்க யாருமில்லை என்றால் எங்களை ஏன் கேட்டார்கள்? எத்தனையோ விஷயங்களில் இப்படித்தான் நடக்கிறது, அதுதான் மனம் கொதிக்கிறது.

மன்னிக்கவேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. கோடை நேரமா குளிர்கால நேரமா என்பதில் நாட்டுக்கு நாடு இழுபறி இருப்பது விளங்குகிறது. ஸ்பெயினின் மேற்குக் கரைக்கு நிரந்தரக் கோடை நேரம் வந்தால் மார்கழியில் சூரியன் உதிக்கப் பத்து மணியாகும். அதனால் எனக்குக் குளிர்கால நேரமே சரியாகப் படுகிறது. எதுவென்றாலும் ஒன்றில் நில்லுங்கள். மாற்றுவதை நிறுத்துங்கள்.

உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, ஒரு முடிவுக்கு வரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரவு வேலைத் தாதி ஒருத்தி
ஜேர்மனி