மொரோவின் நடையைப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பிலிம் சொசைட்டியில் பிரெஞ்சு நடிகை ழான் மொரோவுக்கு மூன்று நாள் ஒதுக்கியிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் இயக்குநர் த்ரூஃபோவின் ‘ழூல் எ ஜிம்’மை முதல் நாளே போட்டுவிடாதே. அது மூன்றாவதாக வரட்டும்.

முதல் நாள் லூயி மாலின் 1958 படம், ‘தூக்குமேடைக்கு லிப்ட்’. 91 நிமிடம்தான். மொரோ 1947-லேயே கொமெதி பிரான்சேஸ் நாடக மேடைக்குப் போனவர். சினிமாக்காரர்கள் மட்டும் அந்த முகம் கேமராவுக்கு எடுபடாது என்று பல வருடமாக மேக்கப்பை அப்பி, விளக்கைக் கொட்டினார்கள். மால் இரண்டையும் விலக்கினார். காதலன் லிப்டில் மாட்டிக்கொண்டது தெரியாமல் அவனைத் தேடி இவர் பாரிஸின் ஷாம்ஸ் எலிசே வீதியில் ராத்திரி நடக்கிறாரே, அங்கே கடைக் கண்ணாடி வெளிச்சம்தான் விளக்கு. கேமராமேன் ஆன்றி தெக்கே மங்கின வெளிச்சத்திலும் பதியும் ‘டிரை-எக்ஸ்’ பிலிமைப் போட்டு, குழந்தையைத் தள்ளும் வண்டியில் கேமராவை வைத்து எடுத்தார். கடை வந்தால் முகம் தெரியும், தாண்டினால் இருட்டு. பிலிம் கழுவும் லேப்காரர்கள் ரஷ்ஷை, அதாவது வெட்டி ஒட்டாத காட்சிகளைப் பார்த்துவிட்டு, நடிகையைக் கெடுக்கிறார்கள் என்று தயாரிப்பாளரிடமே புகார் போனார்கள்!

அதனால் ப்ரொஜெக்டரில் பிரைட்னஸை ஏற்றாதே. ஏற்றினால் கறுப்பு சாம்பலாகிவிடும், லேப்காரர்கள் ஆசைப்பட்டது நடந்துவிடும். ஜன்னல் இடுக்குகளைக் கறுப்புத் துணியால் அடை. சவுண்டையும் முன்பே பார்த்துவை. ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1957 டிசம்பரில் ஒரே ராத்திரியில், காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு வாசித்த டிரம்பெட் அது.

இரண்டாம் நாள் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ‘லா நோத்தே’ (1961). அங்கேயும் நடக்கிறார், மிலானில், பகலில், யாரையும் தேடாமல். முதல் நடையைப் பார்த்தவனுக்குத்தான் இது உறைக்கும். படம் 122 நிமிடம், நடுவில் இடைவேளை விடாதே.

‘ழூல் எ ஜிம்’ (1962) ஸ்கோப் படம், அதாவது அகலத்திரை: அகலம் 2.35 என்றால் உயரம் 1. பக்கங்களை வெட்டின பழைய டிவி பிரதி மாட்டினால் மூவரில் ஒருவர் ஓரத்தில் காணாமல் போவார். முக்கோணக் காதல் கதைக்கு இதைவிடக் கேடு வேண்டாம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. ‘சுழல்’ பாட்டில் மொரோ சரணத்தை மாற்றிப் பாடிவிட்டு, கையால் சின்னதாக ஒரு சைகை காட்டுவார். த்ரூஃபோ அந்த டேக்கையே வைத்துக்கொண்டார்.

நோட்டீஸில் மொரோ 1960 கான் திரைப்பட விழாவில் வாங்கிய சிறந்த நடிகை விருதைப் போடு, அது பீட்டர் புரூக் இயக்கிய ‘மொதெராத்தோ கந்தாபிலே’வுக்கு. மொரோவே இயக்கிய ‘லூமியேர்’ (1976) அடுத்த மாதத்துக்கு இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்