பாதரசத்தை வெளியே எடுங்கள்

நோர்வே மீன்பிடி அமைச்சருக்கும் கரையோர நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

போன கிழமை, என்னோடு வேலை செய்யும், மேற்குக் கரையிலுள்ள ஃபெட்யே தீவுக்காரர் ஒரு பை நண்டு கொண்டுவந்து தந்தார். தானே கூடு வைத்துப் பிடித்தது. எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சுவோம் என்று அவருக்குத் தெரியும். பையைத் தந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்கள் மகளுக்கு மட்டும் கொடுக்க வேண்டாம்" என்றார். மகளுக்கு இது ஏழாம் மாதம். இரண்டாம் உலகப்போரில் பாதரசத்தோடு அந்தத் தீவுக்கு அருகே மூழ்கிய ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் யு-864 கிடக்கும் இடத்தில் அவர் கூடு வைக்கவில்லை, அங்கே மீன்பிடிக்கவே தடை. ஆனாலும் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் அந்தப் பக்கத்து மீன், நண்டு சாப்பிட வேண்டாம் என்று அரசுதானே சொல்லி வைத்திருக்கிறது! அன்று மகளுக்கு நண்டு போடாத ஒடியல் கூழைச் சின்னச் சட்டியில் தனியாகக் காய்ச்சினாள் என் மனைவி. தன் கடலில் பிடித்ததைக் கொடுக்க ஒரு மனிதர் கூச வேண்டியிருந்ததே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

யு-864 பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1945 பெப்ரவரி 9இல் பிரிட்டனின் நீர்மூழ்கி வென்ச்சரர் விட்ட நான்காவது டோர்பிடோ அதை இரண்டாக உடைத்தது. போரில் இரண்டுமே நீருக்கடியில் இருக்கும்போது ஒரு நீர்மூழ்கி இன்னொன்றை மூழ்கடித்தது அந்த ஒரு முறைதான். அதைத்தான் எல்லோரும் வியந்து எழுதுகிறார்கள். ஜப்பானுக்குப் போகவிருந்த 67 தொன் பாதரசம், 1857 உருக்குக் குடுவைகளில், அதனுடனேயே கீழே போனது. அதைப் பற்றி எழுத ஆளில்லை.

2003இல் உங்கள் கடற்படை அதைக் கண்டுபிடித்தது. 2009இல் தூக்குவோம் என்றீர்கள். 2016இல் அது கிடக்கும் கடலடிச் சரிவு இடியாமல் இருக்கக் கல்லும் மணலும் கொட்டினீர்கள். 2018இல் எடுக்காமல் அப்படியே மேலே மூடிவிடலாம் என்றீர்கள். அப்புறம் மறுபடியும் குழு, மறுபடியும் ஆய்வு. தீவுக்காரர் கேட்டது அன்றும் இன்றும் ஒன்றுதான்: பாதரசத்தை வெளியே எடுங்கள்.

கிளறினால் சேற்றில் கலந்த பாதரசம் பரவும் என்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது, வெடிக்காத டோர்பிடோக்களும் அங்கே இருக்கின்றன. ஆனால் முழுதாக இருக்கும் குடுவையை இன்று குடுவையாகவே எடுக்கலாம். துரு தின்ற பிறகு சேற்றோடுதான் அள்ள வேண்டிவரும். துரு உங்கள் குழுவின் அறிக்கைக்காகக் காத்திருக்காது. அங்கே இறந்த 73 பேரின் கல்லறையைக் கலைக்கச் சொல்லவில்லை. அவர்களோடு கிடக்கும் நஞ்சைத்தான் எடுக்கச் சொல்கிறோம்.

இதே மேற்குக் கரைக்கு அப்பால் 303 மீட்டர் ஆழத்தில் ட்ரோல் எரிவாயு மேடையை 1995இல் நிறுத்திய நாடு இது. நீர்மூழ்கி கிடப்பது 150 மீட்டரில். எரிவாயுவுக்கு என்றால் ஆழம் தடையில்லை, நண்டு பிடிக்கிறவனுக்கு என்றால் மட்டும் ஏன் இத்தனை யோசனை?

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். இந்த நாடு எனக்கு அடைக்கலம் தந்தது, அந்த உரிமையில்தான் கேட்கிறேன். எடுக்கக்கூடிய குடுவைகளை முதலில் எடுங்கள். எந்த ஆண்டு தொடங்குவீர்கள் என்பதைத் தயவுசெய்து ஃபெட்யே மக்களுக்கு எழுத்தில் கொடுங்கள்.

பணிவுடன்,
பேர்கனில் வாழும் ஒரு தமிழ்த் தகப்பன்