டஸ்கனிக்கு ஆகஸ்ட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியின் டஸ்கனி கிராமப்புறத்துக்கு ஓவியப் பயணம் போவது பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ஆகஸ்ட்டில் போகச் சொன்னதுதான் சரியில்லை. வால் டோர்ச்சா பகுதியில் ஜூன் கடைசியிலேயே கோதுமை அறுப்பு தொடங்கிவிடும். ஆகஸ்ட்டில் மிஞ்சுவது அறுத்த தாளும் உழுத மண்கட்டியும். பச்சையும் பொன்னிறமும் ஒரே சரிவில் வேண்டுமென்றால் ஜூன் முதல் பாதிதான்.

நீர்வண்ணத்துக்கு அங்கே எதிரி வெயில். வானத்தைப் பூசி முடிப்பதற்குள் மேல்பாதி உலர்ந்து கோடு விழுந்துவிடும். பதறிப்போய் ஈரத் தூரிகையை வைத்தால் காலிஃபிளவர் மாதிரி கறை படரும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளை இருபுறமும் நனைத்துப் பலகையில் பரப்பிக்கொள்ளுங்கள். கலவையைத் தேவைக்கு இரண்டு மடங்காகக் கரைத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். அரை டம்ளர் நீரில் நாலைந்து சொட்டு கிளிசரின் விட்டால் உலர்வது தாமதமாகும். அதிகம் விட்டால் படம் பிசுபிசுவென்றே கிடக்கும்.

தாள்மேல் நேர்வெயில் படக்கூடாது. அந்த வெளிச்சத்தில் வண்ணம் வெளிறித் தெரிவதால் கை தானாக அழுத்திப் பூசும்; அறைக்குள் வந்து பார்த்தால் படம் இருண்டிருக்கும். குடை வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருக்கட்டும். சிவப்புக் குடை தாளையே சிவப்பாக்கும்.

ஜூனில் சூரியன் மறைய இரவு ஒன்பது ஆகிவிடும். நடுப்பகலில் மேடு பள்ளமே தெரியாது. மாலை 6 மணிக்குமேல்தான் குன்றுகளுக்கு உருவம் வரும். முதல் பத்து நிமிடத்தில் நிழல்களின் எல்லையைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். பிறகு நிழல் எங்கே நகர்ந்தாலும் கோட்டை மாற்றாதீர்கள்.

பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தின் பெயரே சியனா நகரத்து மண்ணால் வந்ததுதான். அதை நம்பிக் குன்றையெல்லாம் செம்பழுப்பாகத் தீட்டிவிட வேண்டாம். நகருக்குத் தென்கிழக்கே கிரேத்தே செனேசி என்ற குன்றுப் பகுதி முழுக்கச் சாம்பல் நிறக் களிமண். அதே பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரின் நீலம் கலந்தால் அந்தச் சாம்பல் அப்படியே கிடைக்கும். ஆலிவ் இலைக்குக் குழாயில் வரும் பச்சை வண்ணம் ஒத்துவராது. அல்ட்ராமரினோடு மஞ்சள் ஓக்கர், நிறைய நீர்.

எடுத்துச் செல்லும் பொருள்களில் டர்பன்டைன் என்ற தீப்பற்றும் கரைப்பானையும் சேர்த்திருக்கிறார் கட்டுரையாளர். விமானத்தில் அதைக் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். பென்சில் சீவும் கத்தி பெட்டியில் போகலாம். இத்தாலி செல்ல வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஜூன் பயணத்துக்குப் பொங்கல் கழிந்ததும் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
நீர்வண்ண ஓவியர் ஒருவர்,
கும்பகோணம்