பொக்லைன் இறங்குமுன் கரையைப் பாருங்கள்: டெல்டா ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கும், நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும், வேளாண்மை, கால்நடை, வனத் துறை அலுவலர்களுக்கும்

வணக்கம்.

ஜூன் 12இல் மேட்டூர் திறக்க வேண்டுமென்றால் ஏப்ரல், மே மாதங்களில் ஆறு, வாய்க்கால், வடிகால் எங்கும் பொக்லைன் ஓடும். தூர்வார வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத ஆண்டு எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த இயந்திரம் வழித்துத் தள்ளும் கரைப் புதர்களில்தான் டெல்டாவில் மிச்சமிருக்கும் நரிகள் வளை வைத்துக் குட்டி போடுகின்றன. அவற்றுக்காக உங்களிடம் கேட்பது ஒரு சரணாலயம் அல்ல, சில அலுவலக ஆணைகள்.

ஓநாய்க்குக் குரல் கொடுக்க நாட்டில் ஆள் இருக்கிறது. 2022இல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியா முழுக்கச் சுமார் 3,100 ஓநாய்களே உள்ளன என்பதால் அந்தக் குரல் தேவைதான். டெல்டாவில் நமக்கு மிஞ்சியிருக்கும் ஓநாயின் பங்காளி நரி. உலகப் பட்டியலில் அது கவலைக்குரிய இனம் அல்ல, ஐரோப்பாவில் பெருகிக்கொண்டும் இருக்கிறது. அந்த ஒரு வரியைக் காட்டித்தான் இங்கே அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பல்கேரியாவில் நரி பெருகுவதால் மன்னார்குடிக்கு என்ன லாபம்? நம் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் 1.4.2023 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி நரி முதல் அட்டவணை விலங்கு, அதாவது சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு பெற்றது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

வனத் துறையின் கைக்குள் முக்கியமாக இருப்பவை கோடியக்கரையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும். அங்கே நரிக்குப் பெரிய குறை இல்லை. மற்ற இடம் பெரும்பாலும் வேறு வேறு கைகளில் இருக்கிறது: ஆற்றங்கரையும் படுகையும் நீர்வளத் துறையிடம், சுடுகாடும் மேய்ச்சல் புறம்போக்கும் ஊராட்சியிடமும் வருவாய்த் துறையிடமும், மூங்கில் கொல்லையும் பனந்தோப்பும் பட்டாதாரரிடம். நரி இத்தனை பேருடைய நிலத்திலும் நடமாடுகிறது, எவருடைய கோப்பிலும் இல்லை. அதனால்தான் இந்த மடலை வனத் துறைக்கு மட்டும் அனுப்பவில்லை.

முதலில் தூர்வாரல். நரி குட்டி ஈனும் மாதம் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே தேதி குறித்துத் தடை போடுவதைவிட, வளையைப் பார்த்து வேலையைத் திட்டமிடுவதே நடக்கக்கூடியது. இயந்திரம் வருவதற்கு முந்தைய வாரம் அந்தந்தப் பிரிவின் கரைக்காவலரோ லஸ்கரோ (நீர்வளத் துறையின் வாய்க்கால் பணியாளர்) கரையில் ஒருமுறை நடந்தால் போதும். ஒரு மனிதர் குனிந்து தலையை நுழைக்கும் அளவு வாய், வாசலில் புதிதாகச் சரிந்த மண், எலும்புத் துண்டு, ஈ மொய்ப்பு, ஊன் வாடை, வழவழவென்று தேய்ந்த அடிவாசல் இருந்தால் அதை வாழும் வளை என்று கொள்ளலாம். உறுதி செய்ய, மாலையில் வாசலில் சலித்த மணலையோ சாம்பலையோ இரண்டு விரல் கனத்துக்குத் தூவி, காலையில் தடம் பார்க்க வேண்டும். நாய்த்தடத்தோடு குழப்பம் வரும். நரித்தடம் ஒடுங்கலாக இருக்கும். முன்னங்காலின் நடு இரண்டு விரல்களின் மெத்தைகள் பின்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், நாய்க்கு அவை தனித்தனி. காய்ந்தும் காயாமலும் இருக்கும் வண்டலில் இந்த ஒட்டு நன்றாகத் தெரியும். சிறு தடங்கள் நெருக்கமாகக் கிடந்தால் உள்ளே குட்டி இருக்கிறது.

குட்டி இருந்தால் வளையின் இருபுறமும் 30 மீட்டர் கரையை மட்டும் விட்டுவிட்டு மேலே போகலாம். எதிர்க்கரையிலிருந்து இயந்திரத்தின் கை நீட்டி வண்டலை எடுக்க முடிகிற வாய்க்கால்களில் இதனால் எந்த இழப்பும் இல்லை. குட்டிகள் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பால் மறக்கும், மூன்று மாதத்தில் வளையை விட்டுப் புறப்படும். தொல்லை அதிகமானால் தாயே குட்டிகளை வாயில் கவ்வி வேறு வளைக்கு மாற்றிவிடும். அந்த ஓர் இரவு அவகாசத்தைத் தராமல் காலையில் வந்ததும் கரையைப் புரட்டுவதால்தான் குட்டிகள் மண்ணுக்குள் போகின்றன. எடுத்த வண்டலை வளை வாசலில் கொட்டுவதும் அதே வேலையைத்தான் செய்யும். ஒப்பந்ததாரரின் பணி ஆணையில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால் போதும், தனி நிதி தேவையில்லை.

சீமைக்கருவேலம் அகற்றுவதிலும் இதே கதைதான். அதை அகற்றட்டும். ஆனால் ஒரே வாரத்தில் மொத்தத் திட்டையும் மொட்டையடிக்காமல், பாதியை இந்த ஆண்டும் மீதியை அடுத்த ஆண்டும் எடுத்து, எடுத்த இடத்தில் நொச்சி, தாழை, இலந்தை, நாவல் வைத்தால் நரிக்கு ஒதுங்க இடம் இருக்கும், கரைக்கும் பிடிமானம் இருக்கும். இலந்தையும் நாவலும் நரி விரும்பித் தின்னும் பழங்கள். அதன் எச்சத்தில் கொட்டைகளைப் பார்க்கலாம்.

இனி வேளாண்மைத் துறை. நரி வயலில் முதன்மையாகத் தின்பது எலி. கரம்பை எலி கதிரை வெட்டி வளைக்குள் சேமிக்கும் சாதி. சம்பா தூர்கட்டும்போதும் கதிர் வெளிவருமுன் பொதியிலும் அது செய்யும் சேதத்தை உழவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எலிக்கு வைக்கும் மருந்தே எலி தின்பவற்றைக் கொல்லும் இடம் ஒன்று உண்டு. புரோமடியோலோன் 0.005 சதவீத இரையைத் தின்ற எலி உடனே சாகாது. நாட்கணக்கில் உள்ளே இரத்தம் கசிந்து, பகலிலும் தள்ளாடித் திரியும். நரிக்கும் ஆந்தைக்கும் அது எளிய இரை. மருந்து எலியின் ஈரலில் தங்கி, தின்றதன் ஈரலுக்கும் போய்ச் சேரும், பிறகு வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். துத்தநாக பாஸ்பைடு அப்படித் தங்குவதில்லை. வயிற்றில் வாயுவாகிவிடும். ஆனாலும் செத்த எலியின் குடலில் செரிக்காத மருந்து இருக்கலாம்.

ஆகவே வயல் விளம்பரத்திலும் உழவர் பயிற்சியிலும் வரிசை இப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். முதலில் வரப்பைக் குறுக்குங்கள். 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மேல் போனால் எலிக்கு அது வீடு. அடுத்தது கிட்டி. தஞ்சாவூர் கிட்டி என்றே துறைக் கையேடுகள் பெயர் சொல்லும் மூங்கில் பொறி நம் மண்ணின் சரக்கு. அதை வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பிடித்த எலிக்குக் கூலி என்ற பழைய வழக்கத்தை ஊராட்சி அளவில் திரும்பக் கொண்டுவந்தால் மருந்துச் செலவே குறைய வாய்ப்புண்டு. எலி பிடிக்கும் பறவைகள் உட்காரப் பறவைத் தாங்கி நடுவது மூன்றாவது. அதற்கும் அடங்காவிட்டால்தான் மருந்து. அப்போதும் வரப்பில் தூவக் கூடாது. மாலையில் எல்லா எலி வளைகளையும் மண்ணால் அடைத்து, மறுநாள் காலை திறந்திருப்பவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, இரண்டு நாள் மருந்தில்லாப் பொரியைப் பழக்கிவிட்டு, பிறகு 49 பங்கு பொரிக்கு ஒரு பங்கு துத்தநாக பாஸ்பைடு, சிறிது எண்ணெய் சேர்த்து, வளைக்கு 10 கிராம் உள்ளே தள்ளி வாயை அடைக்க வேண்டும். கையுறை கட்டாயம். ஈரக் கையும் ஈரப் பொரியும் கூடவே கூடாது, வாயு அங்கேயே கிளம்பும். விடிந்ததும் செத்ததைப் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். யாரும் செய்யாமல் விடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். பொரியை வரப்பில் திறந்து வைத்தால் மயிலும் கோழியும் முதலில் சாகும், எலி பிறகுதான்.

பன்றிக்காகத் தீனியில் மறைத்து வைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காயும், இறைச்சியில் தடவும் குருணை மருந்தும் வேறு வகை. இவை கவனக்குறைவு அல்ல, குற்றம். 2021இல் திருச்சி ஜீயபுரம் பகுதியில் இறைச்சியில் வெடி வைத்து நரியைக் கொன்றதாகப் 12 பேர் கைதானார்கள். வெடி வாயில்தான் வெடிக்கும். தாடை சிதறிய நரி நாட்கணக்கில் பட்டினியில் சாகும். போரேட் குருணை 2020 இறுதியோடு தடை செய்யப்பட்ட மருந்து. அது இன்னும் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று பார்ப்பது உங்கள் தரக்கட்டுப்பாட்டு அலுவலர் வேலை. பம்புசெட்டிலிருந்து நேராகக் கம்பி இழுத்துப் போடும் திருட்டு மின்வேலியும் இதே கணக்குத்தான். அதில் நரியைவிட மனிதர் சாவதே செய்தியாகிறது. கூடவே, அதிர்ஷ்டம் தரும் என்று சொல்லி விற்கும் நரிக்கொம்பு வியாபாரம். நரிக்குக் கொம்பே கிடையாது. விற்பது மயிரோடு ஒட்டிய தோல் உருண்டை. கோவில் திருவிழாக் கடைகளில் இதை விற்பவரிடம் வனக்காவலர் ஒருமுறை நின்று கேட்டாலே போதும். ‘நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி’ என்ற பழமொழிக்காரர்களே நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள்.

நரி யாருக்கும் கெடுதல் செய்வதில்லை என்று நாங்கள் எழுதினால் ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகள் சிரிப்பார்கள். அறுவடை முடிந்து வயலில் கிடை போடும் காலத்தில் நரி குட்டியைத் தூக்கும். வாத்து மேய்ப்பவர் வலைப்பட்டியில் ஓரிரவில் பல வாத்துகளையும் கொல்லும். ஆட்டுக்குட்டிகளைக் கவிழ்த்து மூடும் குடாப்பின் அடிவிளிம்பில் ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தால் நரித் தலையும் நுழையும். சுற்றி மண் அணைத்தால் அந்தக் கதை முடிந்தது. வாத்துப் பட்டிக்கு இடுப்பளவு வலை போதாது. 4 அடி உயர வலையும், அதன் அடியில் ஓரடி வலையை வெளிப்பக்கமாகத் தரையில் விரித்து மண்மூட்டை வைப்பதும் தேவை. நரி வலையைத் தாண்டுவதைவிடத் தோண்டுவதையே முதலில் முயலும், தோண்டுவது ஓரத்தில்தான். மினுங்கும் சூரியவிளக்கு சில நாள் பயமுறுத்தும். இடத்தை மாற்றாவிட்டால் நரிக்குப் பழகிவிடும்.

இழப்பீடு கேட்டால் ‘இது காட்டோரக் கிராமம் இல்லையே’ என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. முதல் அட்டவணை விலங்கு தின்ற ஆட்டுக்குக் காட்டோரம் என்ன, கடைமடை என்ன? கால்நடை உதவி மருத்துவர் 48 மணி நேரத்துக்குள் பார்த்துச் சான்று தரட்டும். கூடவே ஒன்று: பின்தொடையிலும் விலாவிலும் கிழிபட்டு, தின்னாமல் விட்ட பல ஆடுகள் கிடந்தால் அது பெரும்பாலும் நாய்க்கூட்டத்தின் வேலை. கழுத்தில் கடி, ஒரு குட்டி மட்டும் காணோம் என்றால் நரியாக இருக்கலாம். இந்த வித்தியாசம் சான்றில் வராத வரை ஊர் நாய் செய்வதெல்லாம் நரி தலையில்தான் விழும்.

நாயைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்கள் மூன்றும் நாயிடமிருந்து நரிக்குத் தாவும். இரண்டும் சந்திக்கும் இடம் சாலையோரம் கொட்டிய கோழிக்கழிவு. ஒரே குவியலில் இரவு நரி, விடியலில் நாய், நடுவில் லாரி. ஊராட்சிகள் கோழிக்கடை உரிமத்தோடு கழிவைக் குழியில் புதைப்பதையும் நிபந்தனையாக்க வேண்டும். ஊர் நாய்களில் குறைந்தது 70 சதவீதத்துக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டால்தான் சங்கிலி அறும். அதற்குக் கீழே போனால் நோய் தொடர்ந்து பரவ வழி இருக்கும். பகலில் ஊருக்குள் வந்து எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும் நரியைப் பார்த்தால் கூட்டம் போட்டு அடிக்கக் கூடாது, வனச்சரகத்துக்குச் சொல்ல வேண்டும். செத்துவிட்டால் தலையைச் சிதைக்கக் கூடாது. மூளையை ஐஸில் வைத்து அனுப்பினால்தான் நோய் உண்டா இல்லையா என்று சோதிக்க முடியும். கடிபட்டவர் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். இதை ஊராட்சிப் பலகையில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்?

கடைசியாக, எண்ணிக்கை. கணக்கில்லாமல் காப்பு இல்லை. பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரத்துக்குள், காற்றில்லாத இரவில், நரி ஊளைப் பதிவை ஒலிபெருக்கியில் அரை நிமிடம் ஒலித்து, மூன்று நிமிடம் காது கொடுத்து, இதையே ஐந்து முறை செய்து, பதில் வந்த திசையைக் குறிப்பது எளிய முறை. இடங்களுக்கிடையே 3 கிலோமீட்டராவது இருந்தால் ஒரே கூட்டத்தை இருமுறை எண்ணும் பிழை குறையும். மார்கழியில் வேண்டாம், ஊருக்கு நாலு கோவில் ஒலிபெருக்கிகள் ஓடும்போது நரி பதில் சொல்லாது. ஒரே இடத்தில் அடிக்கடி ஒலித்தாலும் அது பேசாமல் போய்விடும். வனத் துறை முறையைக் கற்றுக்கொடுத்தால் கல்லூரி மாணவர்களை வைத்தே நான்கு மாவட்டங்களையும் ஒரு கோடையில் எண்ணி முடிக்கலாம்.

இத்தனையிலும் காலக்கெடு உள்ளது தூர்வாரல் நிபந்தனை ஒன்றுதான். பணி ஆணைகள் கையெழுத்தாகும் முன் அது சேர வேண்டும். அவுட்டுக்காய், கோழிக்கழிவு, நாய்த் தடுப்பூசி மூன்றையும் மே 1 கிராம சபைக் கூட்டப் பொருளில் சேர்க்க ஊராட்சி உதவி இயக்குநர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பக் கோருகிறோம். கரையில் வளை அடையாளம் காண லஸ்கர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்க எங்களில் ஆள் உண்டு. படித்தொகை வேண்டாம், கரைக்குப் போக ஒரு ஜீப் போதும்.

இப்படிக்கு,
டெல்டா உழவர்கள், கால்நடை மருத்துவர்கள், காட்டுயிர் கணக்கெடுப்பாளர்கள் சிலர்